காது செய்யும் திருத்தங்கள்

நமது நகரங்களின் சிற்றுண்டிச்சாலைகளிலும் தெருவோரக் கடைகளிலும் 'தேனீர்' என எழுதப்பட்ட பலகைகளைப் பரவலாகக் காணலாம். உள்ளே கிடைப்பதோ தேனும் நீருமல்ல, தேயிலைச் சாயமே. சரியான வடிவம் 'தேநீர்' என்பதாகும். சீனாவின் ஹொக்கியன் பேச்சில் 'தே' என வழங்கிய சொல் கடல்வழியாகப் பல நாடுகளுக்கும் பரவியது. நம்மிடையே வழங்கும் தேயிலை, தேநீர், பேச்சுவழக்கிலுள்ள தேத்தண்ணி ஆகிய யாவும் அதன் வழிவந்தவையே. ஆயினும் தனித்து நிற்கும் 'தே' என்ற ஒலிக்குத் தமிழ்க் காது பொருள் காண்பதில்லை. தேன் என்றால் உடனே விளங்குகிறது. இனிப்பான பானம் என்ற பொருத்தமும் அமைந்துவிடுகிறது. ஆகவே எழுதும் கை தந்நகரத்தை விடுத்து றன்னகரத்தை இட்டுவிடுகிறது.

கறிக்கு இடும் கறிவேப்பிலை 'கருவேப்பிலை' ஆனதும் இவ்வாறே. வெம்மையான நீராகிய வெந்நீரை 'வெண்ணீர்' என எழுதி வெண்மையாக்கி விடுவோரும் உளர்.

இவற்றை வெறும் எழுத்துப்பிழைகள் எனத் தள்ளிவிட முடியாது. தமக்கு விளங்காத ஒலியை எழுதுபவர் விளங்கும் சொல்லாகத் திருத்தியிருக்கிறார். திருத்தம் தவறு, அதன் பின்னாலுள்ள சிந்தனை தவறன்று. ஆங்கிலத்தில் ஓக் மரத்தின் விதையைக் குறிக்கும் 'ஏகோர்ன்' என்ற சொல்லைச் சிலர் 'எக்கோர்ன்' என எழுதினர். முட்டை வடிவான விதைதானே! 2003 ஆம் ஆண்டில் மொழியியலாளர்கள் அந்தப் பிழையையே இவ்வகைப் பிழைகள் அனைத்துக்கும் பெயராகச் சூட்டிவிட்டனர்.

அந்நிய மொழியைக் கேட்கும்போது இத்தகைய திருத்தங்கள் மேலும் விநோதமாகின்றன. முஹர்ரம் மாதத்தில், கர்பலாவில் ஷஹீதாக்கப்பட்ட இமாம் ஹுஸைன் அவர்களை நினைந்து இந்தியாவில் நடைபெறும் ஊர்வலங்களில் "யா ஹஸன்! யா ஹுஸைன்!" என்ற ஓலம் எழும். அதனைக் கேட்ட பிரித்தானியச் சிப்பாய்களின் காதில் அது 'ஹொப்சன் ஜொப்சன்' என விழுந்தது. இரண்டும் அவர்கள் நாட்டிலே சாதாரணமாக வழங்கும் குடும்பப் பெயர்கள். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆதர் பேர்ணெலும் தொகுத்து 1886 இல் வெளியான ஆங்கிலோ - இந்தியச் சொல்லகராதிக்கு அதுவே தலைப்பாகவும் ஆயிற்று. துயரத்தின் குரல் வேடிக்கைத் தலைப்பாக மாறியதை இன்று வாசிக்கும் நமக்குச் சிரிப்பு முழுமையாக வருவதில்லை.

அதே அகராதியின் பிந்திய பதிப்பு, எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒன்றையும் பதிவு செய்துள்ளது. சென்னையில் ஹமில்டன் என்பவர் பெயரால் ஒரு பாலம் இருந்தது. ஹகரம் ஒலிக்காத தமிழ் நாவில் அது மெல்ல மெல்ல 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று. வாராவதி என்பது சென்னை வழக்கில் பாலமாகும். முடிதிருத்துவோரைக் குறித்த அக்காலச் சாதிப்பெயர் மக்களுக்குத் தெரிந்திருந்தது; ஹமில்டனைத் தெரிந்திருக்கவில்லை. கதை இத்தோடு முடியவில்லை. அத்தமிழ்ப் பெயரைக் கேட்ட ஆங்கிலேயர் அதனைப் பொருளறிந்து பெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என வழங்கலாயினர். தம்மவர் பெயரையே அவர்களால் அடையாளம் காண முடியாமற் போயிற்று.

படித்தவர்கள் இந்நோய்க்கு விலக்கானவர்கள் என எண்ணிவிடலாகாது. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பது நம் அடுக்களைகளில் பிறந்த பழமொழி. அண்மைக் காலமாக மேடைகளில் இதற்குத் 'திருத்தம்' கூறப்படுகிறது: அது 'சஷ்டியில்' விரதம் இருப்பதாம், அகப்பை என்பது கருப்பையாம்! பாத்திரத்தில் உள்ளதுதான் கரண்டியில் வரும் என்ற தெளிவான பொருளில் என்ன குறை கண்டனர் என்பது விளங்கவில்லை. கருவேப்பிலை என எழுதுபவர் விளங்காததை விளங்க வைக்கிறார். இவர்களோ விளங்கிக்கொண்டிருந்ததைக் குழப்புகின்றனர். முன்னையதை மன்னிக்கலாம்.

ஊர்ப்பெயர்களுக்கு வரும்போது இவ்விளையாட்டு வினையாகிறது. பெயரைத் தமக்கு வேண்டியவாறு பிரித்துப் பொருள் கூறி, அதனைக்கொண்டே அவ்வூர் ஆதியில் எவருக்குரியது எனத் தீர்ப்பளிக்கும் வழக்கம் இந்நாட்டின் எல்லாச் சமூகத்தவரிடையேயும் உண்டு. கொழும்பின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறைவைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் தருகிறார். அங்கே காய்க்காமல் இலை மட்டும் விட்ட ஒரு மாமரம் நின்றதாம். சிங்களத்தில் 'கொள' இலை, 'அம்ப' மா, ஆகவே 'கொளம்ப'. பின்னர் கிறிஸ்தவர்கள் கொலம்பஸைக் கௌரவிக்க அதனைக் 'கொலம்போ' என மாற்றினராம்.

கேட்பதற்கு இனிய கதை. ஆனால் 1344 இல் இத்தீவுக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, இந்நகரைக் 'கலன்பூ' எனக் குறிப்பிட்டு, ஸரன்தீபின் சிறந்த, பெரிய நகரங்களுள் ஒன்றெனவும் கூறியுள்ளார். அது போர்த்துக்கேயர் இங்கு கால்வைப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர். கொலம்பஸ் பிறக்கவும் இல்லை. எழுத்திலுள்ள பழைய வடிவம் ஒன்று கிடைத்ததும் கொலம்பஸ் கதை இவ்வாறு உதிர்ந்துவிடுகிறது. மாமரத்தை அந்தச் சான்று தொடவில்லை. ஆனால் அந்த மரமும் ஒலியொற்றுமை என்ற ஒரே வேரில்தான் நிற்கிறது. ஏனைய ஊர்களுக்கும் கல்வெட்டுக்கள், அரபு யாத்திரிகர் குறிப்புகள், ஒல்லாந்தர் காலத் தோம்புகள் எனத் தேடவேண்டிய இடங்கள் பல உள. அவற்றைப் புரட்டாமல், பெயரின் ஓசையை மட்டும் வைத்துக் காணி உறுதி எழுதுவோர், தேனீர்ப் பலகை எழுதியவரை நகைப்பது எவ்வகையிலும் பொருந்தாது.