செஞ்சி ஆஸ்பத்திரிக்காகக் கோட்டையில் கேட்பது யார்?

செஞ்சிக் கோட்டையை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை பிடித்தது. 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை அது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு சமயத்திலும் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அவர்கள் அங்கே வைத்திருக்கவில்லை. ஆனாலும் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதி வைத்திருக்கிறார். கர்நாடகப் பிரதேசத்திலேயே உடம்புக்கு ஆகாத ஊர் என்று அப்போது பெயர் வாங்கியிருந்தது செஞ்சி. அதே ஆண்டுகளில் மலையடிவாரத்தில் குடியிருந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேர் போனார்கள் என்பதை ஆர்ம் எழுதவில்லை. சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தவனிடம் கணக்குக் கேட்க மேலே ஒருவன் இருந்தான். குடியானவனுக்காகக் கேட்க ஆள் இல்லை.

இப்போது ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, சுற்றுக் கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, கூப்பிட்டால் 108 ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனாலும் ராத்திரி நேரத்தில் நெஞ்சுவலி என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குடும்பத்துக்கு இந்த வட்டாரத்தில் பழகிப்போன வார்த்தை ஒன்று உண்டு: "முண்டியம்பாக்கம் கொண்டு போயிடுங்க." விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் அங்கே வந்தது பெரிய வரம்தான். பெரிய நோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். அதில் தகராறு இல்லை. செஞ்சியிலேயே பார்க்கக்கூடியதும் ஆம்புலன்ஸ் ஏறுகிறதா, ஏறினால் ஏன் என்பதுதான் கேட்க வேண்டியது.

இதை டியூட்டி டாக்டரிடம் கேட்டுச் சண்டை போட்டால் அவருக்கும் நிம்மதி போகும், நமக்கும் பதில் கிடைக்காது. ஆள் போடுவதும் மருந்துக்குப் பணம் ஒதுக்குவதும் அவர் கையில் இல்லை. அது சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டையில் முடிவாகிறது. அந்த முடிவுகளுக்கு அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கும் அதிகாரம் சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டு. எதிர்க்கட்சிக்காரருக்கு மட்டும் உள்ள அதிகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆளுங்கட்சி உறுப்பினரும் கேட்கலாம், கேட்கிறார்கள். அமைச்சராகிவிட்டவர் மட்டும் இன்னோர் அமைச்சரிடம் அவையில் கேள்வி கேட்பதில்லை. அப்போதைய செஞ்சி உறுப்பினர் கே.எஸ். மஸ்தான் 2021 மே முதல் 2024 செப்டம்பர் வரை அமைச்சராக இருந்தார். ஊருக்கு அமைச்சர் கிடைத்தது பெருமை. கேள்வி நேரத்தில் ஊருக்காக எழுந்து நிற்கும் வாய்ப்பு அந்தக் காலத்தில் போனது. இப்படி ஒரு நிலை வரும்போது மயிலம், திண்டிவனம், விக்கிரவாண்டி என்று பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் கேள்வியைக் கொடுக்கலாம். அவர்கள் தொகுதி மக்களும் அதே முண்டியம்பாக்கத்துக்குத்தான் போகிறார்கள்; தயங்க ஒன்றுமில்லை.

பேரவையில் கேட்பதற்கு வழிகள் பல. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வி போடலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். டெங்கு பரவுகிறது, ஒரு மருந்து தீர்ந்துவிட்டது என்பது போன்ற அவசரத்துக்குக் கவன ஈர்ப்புத் தீர்மானம். துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை வரும்போது வெட்டுத் தீர்மானம் கொடுத்து, எங்கே குறை என்று பேசலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனதிலிருந்தே பெண்கள், குழந்தைகள் நலத்தை அவைக்குள் கொண்டுபோகும் மரபு நமக்கு உண்டு. 1939இல் நாட்டிலேயே முதலாவதாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டதும் சென்னை மாகாணம்தான்.

வழி இருந்தால் மட்டும் போதாது. கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறதோ அப்படித்தான் பதில். "செஞ்சி மருத்துவமனையைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா?" என்று கேட்டால், "நிதிநிலைக்கும் தேவைக்கும் ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் நஷ்டமில்லை, நாளிதழில் ஒரு வரி. இதையே வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். இந்த மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்ட டாக்டர், செவிலியர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் பணியிடங்கள் எத்தனை? இன்றைய தேதியில் நிரம்பியவை எத்தனை? நிரம்பியதாகக் காட்டப்படுபவர்களில் மாற்றுப்பணியில் வேறு ஊரில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர்? கடந்த நிதியாண்டில் இங்கே நடந்த சிசேரியன்கள் எத்தனை, பிரசவத்துக்கு வந்து வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? மயக்க மருந்து டாக்டர் இல்லாத நாட்கள் எத்தனை?

இதில் மாற்றுப்பணி என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. காகிதத்தில் பணியிடம் நிரம்பியிருக்கும், சம்பளமும் இந்த ஊர்க் கணக்கில் எழுதப்படும், ஆள் இன்னொரு மருத்துவமனையில் இருப்பார். காலியிடம் எத்தனை என்று மட்டும் கேட்டால் "காலியிடம் இல்லை" என்ற பதில் பொய்யில்லாமலே வந்துவிடும்.

யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பதிலும் குழப்பம் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையம் பொதுச் சுகாதாரத் துறை இயக்ககத்தின் கீழ் வருகிறது. செஞ்சியில் உள்ளது போன்ற அரசு மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மூன்றுக்கும் மேலே ஒரே அமைச்சர். மனுவில் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

இனி பணம். மாநில பட்ஜெட்டில் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 19. 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒதுக்கீடு 21,906 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 20,198 கோடி. தொகை கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 விழுக்காட்டுக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும், அதை 2020க்குள் எட்ட வேண்டும் என்று தேசிய சுகாதாரக் கொள்கை 2017இல் சொன்னது. இந்தத் துறையின் ஒதுக்கீட்டை மாநிலத்தின் மொத்தச் செலவோடு வைத்துப் பார்த்தால் அந்த இலக்குக்கு வெகு கீழேதான் நிற்கிறோம். ஒதுக்கிய பணம் எவ்வளவு, திருத்த மதிப்பீட்டில் அது எவ்வளவு ஆனது, கடைசியில் செலவானது எவ்வளவு என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் உறுப்பினர் அபூர்வம். கேட்டால் துறையில் கோப்புகள் நகரும்.

செஞ்சிக்காரருக்கு இதில் நேரடியாகத் தொடர்புள்ளது மருந்துப் பணம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு தொகைக்கு மருந்து என்று அதில் வரவு வைக்கப்படும். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்கக் கழியும். கிடங்கில் இல்லாததை உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒரு சிறு பங்கு தனியே உண்டு. எனவே மருந்துச் சீட்டை நீட்டும்போது "இது இல்லை, வெளியே வாங்கிக்குங்க" என்று பதில் வந்தால், அதற்குப் பின்னால் நான்கு காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். பாஸ்புக்கில் தொகை தீர்ந்திருக்கலாம். கிடங்கிலேயே சரக்கு இல்லாமல் இருக்கலாம். மருத்துவமனை கேட்டு வாங்காமல் விட்டிருக்கலாம். அந்த மருந்து பட்டியலிலேயே இல்லாதிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. அந்தச் சீட்டைத் தூக்கி எறியாமல் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் இருபது பேரிடம் இருபது சீட்டு சேர்ந்தால் அது புகாராக இல்லாமல் ஆதாரமாக ஆகிவிடும்.

மருந்துக் கையிருப்பை மேம்போக்காகக் கேட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்திலேயே பார்த்தோம். 2023 மே மாதம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து உயிர்கள் போயின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு முறையும் நோயாளிகள் முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கள்ளக்குறிச்சியில் சாவு எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோது பேரவைக் கூட்டத்தொடரும் நடந்துகொண்டிருந்தது. மருந்து இருந்ததா இல்லையா என்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமிக்கும் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனுக்கும் வெளிப்படையாகவே வாதம் மூண்டது. வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் ஒமிப்ரசோலா, மெத்தனால் நஞ்சை முறிக்கும் ஃபோமிபிசோலா என்று பெயரிலேயே சுற்றி நின்றது அந்த வாதம். அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள், பிறகு அந்தக் கூட்டத்தொடர் முழுதும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இரண்டு தரப்பிலும் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எந்த மருந்து, எந்த மருத்துவமனையில், எந்தத் தேதியில், எத்தனை குப்பி என்று கேள்வி எழுத்தில் இருந்திருந்தால் பதிலும் எழுத்தில் இருந்திருக்கும்.

அமைச்சர் அவையில் "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னால் விவகாரம் முடிந்ததாக எண்ண வேண்டாம். அப்படிச் சொன்னவற்றைப் பின்தொடரவே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. எந்த நாளில், எந்தக் கேள்விக்கு, என்ன சொன்னார் என்று அவைக் குறிப்பிலிருந்து எடுத்து உங்கள் உறுப்பினர் மூலம் அந்தக் குழுவுக்கு நினைவூட்டலாம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு எடுத்து விசாரிக்கிறது. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு பற்றிய தணிக்கை அறிக்கை 2024 டிசம்பரில் பேரவையில் வைக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறை, மருந்து, கருவி என்று அதில் உள்ளதை ஊர்க்காரர் நான்கு பேர் சேர்ந்து படித்தாலே எம்.எல்.ஏ.விடம் கொடுக்கக் கேள்விகள் கிடைக்கும். நேரடியாக எழுத வேண்டுமானால் மனுக்கள் குழு உண்டு. முகவரி: செயலாளர், தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை-9. பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரே பொருள், வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது. வேலை கேட்டும் பட்டா கேட்டும் எழுதினால் எடுக்க மாட்டார்கள்.

கையில் தகவல் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேல் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டால் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. ஒரு எச்சரிக்கை. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைத் தனிமனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் செய்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அது போய்விட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. இப்போது தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது அலுவலருக்குச் சுலபம். அதனால் விண்ணப்பத்தில் எந்த டாக்டரின் பெயரையும் கேட்காதீர்கள். பணியிடம், எண்ணிக்கை, தேதி, தொகை இவற்றை மட்டும் கேளுங்கள். இவை யாருடைய தனிப்பட்ட விவரமும் ஆகாது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, அதை மேல்முறையீட்டில் குறிப்பிடலாம்.

அவசர நேரத்தில் சேர்க்க மறுத்தால் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. மேற்கு வங்கத்தில் 1992இல் ரயிலிலிருந்து விழுந்த ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. உச்ச நீதிமன்றம் 1996இல் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவசரச் சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது, பணமில்லை என்று அரசு சொல்ல முடியாது என்றது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை மேல் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. உயர் நீதிமன்றமும் மனித உரிமை ஆணையமும்தான் வழி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனைக்குப் போய், அங்கே கூடுதல் பணம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் அப்போதே சொல்லிவிடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்கு ஆரணித் தொகுதியில் சேர்கிறது. விழுப்புரம் எம்.பி.க்கு மனு எழுதிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் மருத்துவமனை பற்றிக் கேட்டால் "பொதுச் சுகாதாரம் மாநிலப் பொருள்" என்ற வரியோடுதான் பதில் தொடங்கும். அதனால் அங்கே கேட்க வேண்டியது தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணம். அதில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. எந்தத் தவணை எப்போது வந்தது, எது நிற்கிறது என்பதற்கு டெல்லிதான் பதில் சொல்லியாக வேண்டும்.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கேள்வி வடிவிலேயே எழுதி, சீட்டுகளின் நகலையும் தகவல் உரிமைப் பதிலையும் இணைத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலைச் சேர்த்தால் கனம் கூடும். பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை வருகிறது. அன்றைக்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஏற்கெனவே அச்சாகி உறுப்பினர்கள் மேசையில் இருக்கும், புதிய அறிவிப்புகளும் முடிவாகியிருக்கும். அதற்குப் பிறகு வருகிற மனு அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் சேரும்.