சூட்டு வலி என்று சொல்லிக் கழியும் மணிநேரங்கள்

ஏழாம் மாதக் கர்ப்பிணி இடுப்பு வலிக்கிறது என்றால், குடியாத்தம் வீடுகளில் உடனே வரும் பதில்: "சூட்டு வலிதான்மா, சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு." பல நேரம் அது சரிதான். தண்ணீர் குடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அடங்கிவிடும். அடங்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு இறுகித் தளர்ந்தால், அது குறைப்பிரசவ வலியாக இருக்கலாம். நீர் கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ படுத்துப் பார்ப்பதற்கும் நேரமில்லை; 108-ஐ அழைக்க வேண்டும்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைப்பிரசவம். 2020-இல் உலகில் இப்படிப் பிறந்தவர்கள் சுமார் 1.34 கோடி, அதில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியக் குழந்தைகள். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

இந்தக் குழந்தைகளின் முதல் எதிரி மூச்சுத்திணறல். மூச்சை விட்டதும் நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு பொருள், 34 வாரம்வரை போதுமான அளவு ஊறியிருக்காது. நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ், பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு செலுத்தப்பட்ட குட்டிகளில் ஒன்று, பிழைக்கவே முடியாத பருவத்தில் பிறந்தும் மூச்சு விட்டது. அதைப் பிடித்துக்கொண்டு சக மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து, பிரசவத்துக்கு முன் தரும் ஸ்டீராய்டு குழந்தைகளைக் காக்கிறது என்று 1972-இல் வெளியிட்டார். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வும் 2020-இல் இதை உறுதிசெய்தது: மருந்து பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதம் இறந்தன. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் 19.6. விலை மலிவான ஊசி அது. ஆனால் 12 மணிக்கொன்றாக நான்கு போட வேண்டும். வலியைச் சற்றுத் தள்ளிப்போடும் மாத்திரைகள் இருப்பதே இந்த இரண்டு நாளைச் சம்பாதிக்கத்தான். சீரகத் தண்ணீரோடு ஓர் இரவு போனால், மருந்துக்கான நேரம் போகிறது. குடியாத்தத்திலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிகளுக்குச் சுமார் 35 கிலோமீட்டர்; பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட வயிற்றில் இருக்கும்போதே போய்ச்சேர்வது எவ்வளவோ பத்திரம்.

ஏழாம் மாதத்தில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. உண்மை நேர்மாறு. ஒவ்வொரு வாரமும் கூடக்கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

எல்லாக் குறைப்பிரசவத்தையும் தடுக்க முடியாது. பல நேரம் காரணமே தெரிவதில்லை. தெரிந்தவற்றில் நாம் அதிகம் கோட்டைவிடுவது சிறுநீர்த் தொற்று. நீர்க்கடுப்பு இல்லாமலும் அது இருக்கும், பரிசோதனையில்தான் தெரியும். முன்பே குறைமாதத்தில் பெற்றவர் அதை முதல் செக்கப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் கருப்பைவாய் குட்டையாகத் தெரிந்தால் புரொஜெஸ்டிரோன் மருந்தோ தையலோ உதவும்.

செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும். பீடி சுற்றுபவருக்கு நிகோட்டின் தோல் வழியாகவும் ஏறும். கர்ப்ப காலத்தில் பீடி முறத்தைத் தொடாதிருப்பதே நல்லது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு நாள் முழுக்க நிற்பது சிக்கல். எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் வரும் ஒரு மாதத்தில், அதாவது ஏறக்குறைய 30 முதல் 34 வாரம்வரை, நெடுநேரம் நிற்கும் வேலையைத் தரக்கூடாது என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. ஆனால் அந்தப் பெண் கேட்டால்தான் அது கிடைக்கும். பிரசவத் தேதி குறித்த மருத்துவர் சீட்டோடு, 30-ஆம் வாரத்துக்கு முன்பே சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம்.