வாரத்துக்கு இரண்டே கால் மணி நேரம்

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். 1992-இல் ஐ.நா. அறிவித்த நாள். அன்று சிறப்புப் பள்ளிகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிருக்காது. கல்லூரி பஸ் வந்து நிற்கும். பேனர், கேக், பாட்டு, பொன்னாடை, குரூப் போட்டோ. மதியச் சாப்பாட்டுக்குள் பஸ் கிளம்பிவிடும். 4-ஆம் தேதி யாரும் வருவதில்லை. எந்த ஊரிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

காரைக்காலில் இதை மாற்றிக் காட்டலாம் என்று நினைக்கக் காரணம் உண்டு. சுமார் 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர்; அவ்வளவுதான் மாவட்டம். அதற்குள் அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரி, அவ்வையார் மகளிர் கல்லூரி, வேளாண் கல்லூரி, என்.ஐ.டி., ஜிப்மர் கிளை என்று எத்தனை வளாகங்கள்! அறிவுசார் குறைபாடு நூற்றில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அந்தக் கணக்கில் இங்கே இரண்டாயிரம் பேர். எந்தக் கல்லூரி வாசலிலிருந்தும் டூவீலரில் போய்விடக்கூடிய தூரத்தில்தான் அவர்கள் இருக்கிறார்கள். (அறிவுசார் குறைபாடு மனநோய் அல்ல. மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்து உண்டு. இது பிறவியிலோ சிறுவயதிலோ தொடங்குவது. கற்றுக்கொள்ளும் வேகமும் விதமும் வேறாக இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் படித்தவர்களிலும் நிறைய.)

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு உண்மையான சிக்கல் பள்ளி முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி தருகிறது. பத்தொன்பதாவது வயதில்? வீடு, டிவி, திண்ணை. அண்ணன் வளைகுடாவிலோ பிரான்சிலோ இருப்பான். தங்கை கட்டிக்கொடுத்த ஊரில் இருப்பாள். மிச்சம் அம்மா ஒருத்திதான். ‘எனக்குப் பிறகு யார்?’ என்ற அவளுடைய கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு ஒரு காப்பாளரை நியமிக்கலாம். காப்பாளர் கையெழுத்துப் போடுவார், சொத்தைப் பார்ப்பார். சாயங்காலம் வாசலில் வந்து நின்று ‘வாடா, பீச்சுக்குப் போகலாம்’ என்று கூப்பிட வேண்டியது அவர் வேலை அல்ல.

அந்த வேலையை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தவர் ஆன்டனி ஷ்ரைவர். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1989-இல் அவர் நிறுவிய ‘பெஸ்ட் பட்டீஸ்’ அமைப்பில் ஒரு மாணவருக்கு அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு நண்பர், ஒருவருக்கு ஒருவர். வீட்டிலேயே அவருக்கு முன்னோடி இருந்தார். அவருடைய தாய் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர்தான் 1968-இல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸைத் தொடங்கியவர். 2023-இல் பெர்லினில் நடந்த அந்தப் போட்டியில் இந்தியா 202 பதக்கங்கள் வாங்கியது. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் பிரிவும் அதில் உண்டு. ஒருவர் பந்தைக் கொடுக்க இன்னொருவர் கோல் போடுகிற இடத்தில் யார் யாருக்கு உதவினார்கள் என்று பிரிக்க முடியாது. தொண்டு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

நம் கல்லூரிகளில் புது அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் இருக்கிறது. சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் கொடுக்க வேண்டும். அந்த மணிகள் எல்லாம் பேரணிக்கும் மரக்கன்றுக்கும் பிளாஸ்டிக் பொறுக்கவும் போகின்றன. போகட்டும், அவையும் தேவைதான். ஆனால் அந்த 120 மணியை ஒரே ஒரு ஆளுக்குக் கொடுத்தால்? வாரத்துக்கு இரண்டே கால் மணி நேரம் வரும். டீ குடித்துவிட்டு அரசலாற்றுக் கரையில் நடந்து திரும்ப அது தாராளம்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். முப்பது வயதுக்காரரைக் ‘குழந்தை’ என்று கொஞ்சாதீர்கள்; அவர் அண்ணன். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பொறுங்கள், அம்மாவைப் பார்க்காதீர்கள். டீக்குக் காசை ஒருநாள் அவர் கொடுக்கட்டும். கேரம் போர்டில் வேண்டுமென்றே தோற்காதீர்கள், அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு வீட்டார் ‘கூட்டத்தில் எதற்கு’ என்று தயங்கினால், நீங்கள் இரண்டு பேராக அவருடன் நில்லுங்கள்.

பெற்றோரின் பயத்தை, அதுவும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களின் பயத்தை, நான் குறைத்துப் பேச மாட்டேன். அது வீண் பயம் அல்ல. ஜான் வானியே 1964-இல் பிரான்சில் ‘லார்ஷ்’ இல்லங்களைத் தொடங்கினார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே கூரைக்கடியில் வாழும் வீடுகள். 1970-இல் பெங்களூருக்கு ‘ஆஷா நிகேதன்’ என்ற பெயரில் வந்தன, பிறகு சென்னைக்கும். மகானாகவே அவரைப் போற்றினார்கள். அவர் இறந்த மறு ஆண்டு, 2020-இல், அந்த அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை அவர் ஆறு பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதாகச் சொன்னது. அவர்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்லர் என்றாலும், நல்ல பெயரை யாருக்கும் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆகவே சந்திப்பு பொது இடத்தில், வீட்டாருக்குத் தெரிந்து, பெண்களுக்குப் பெண்கள், கல்லூரியில் பொறுப்பாசிரியர் ஒருவரிடம் போய்வந்த விவரத்துக்கு ஒரு நோட்டு. இவ்வளவு கறாராக இருந்தால்தான் அம்மாக்கள் கதவைத் திறப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று, நான்கு வருடத்தில் மாணவர் போய்விடுவார். என்.ஐ.டி. மாணவர் என்றால் ஊர் வேறு மாநிலமாகவும் இருக்கும். சொல்லாமல் நின்றுபோகிற நட்பு, நட்பே இல்லாததைவிட மோசம். காத்திருப்பவருக்குக் காரணம் புரியாது. கடைசி வருடம் தொடங்கும்போதே ஜூனியர் ஒருவரைக் கூட அழைத்துப்போய் ஆறு மாதம் மூவராகச் சுற்றலாம். என்று கிளம்புகிறோம் என்பதைக் காலண்டரில் நண்பரையே வட்டம் போடச் சொல்லலாம். போன பிறகு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போதும், படிக்கத் தெரியாதவருக்கும் அது எளிது. வாரம் ஒன்று, ஞாயிறு காலை என்று நேரம் சொல்லிவிட்டால், அந்த நேரம் தவறக்கூடாது.