அன்னிய பாஷையும் கைக்கருவியும்

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சுற்றிப் பரந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில், கண்மாய் பெருகிய வருஷம் நெல்லும், பெருகாத வருஷம் பருத்தியும் கம்பும் மல்லியுமாகக் காலந் தள்ளிய குடியானவர்களுக்கு, கடல் கடந்த தேசத்துப் பாஷை ஒன்றைப் பிறந்த ஊரில் இருந்துகொண்டே கற்றாக வேண்டிய அவசியம் நெடுங்காலம் நேர்ந்ததில்லை. ரங்கூனுக்கும் இலங்கைக்கும் பிழைக்கப் போனவர்கள்கூட, வேண்டிய பேச்சை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வேலைத்தலத்திலும் கடைத்தெருவிலும் கேட்டுப் பழகிக்கொண்டார்களேயன்றி, புறப்படுமுன் புத்தகம் திறந்தவர்கள் அல்லர். இப்போது அந்த நிலைமை மாறிவருகிறது. 2023 மார்ச் மாதத்தில் மத்திய அரசு நாடெங்கும் ஏழு இடங்களில் ‘பிரதமர் மித்ரா’ என்னும் ஜவுளிப் பூங்காக்களை அமைக்கப்போவதாக அறிவித்தபோது, தமிழ்நாட்டின் பங்குக்குக் குறிக்கப்பட்ட இடம் விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரம். 1,052 ஏக்கர் பரப்பில், நூல் முதல் ஆடைவரை எல்லா வேலையும் ஒரே வளாகத்தில் நடந்து சரக்கு கப்பலேற வேண்டுமென்பது திட்டம். சரக்கு வாங்குகிறவன் எந்தத் தேசத்தவனாயினும் அவனோடு பேச ஆள் வேண்டும். ஜெர்மனிக்குச் செவிலியராகப் போக விரும்பும் நம் பெண்களோ, அங்கே முழு உரிமையுடன் பணிபுரிவதற்குப் பொதுவாக ‘பி2’ எனப்படும் நான்காம் படிவரை ஜெர்மன் பாஷையில் தேறியாக வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதற்கென்றே வகுப்புகளும் நடத்துகிறது.

இந்தச் சீமையாருக்குப் பாஷை கற்கும் ஆற்றல் குறைவென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். வீட்டிற்குள் தெலுங்கோ கன்னடமோ பேசி, வாசற்படி தாண்டியதும் தமிழுக்கு மாறும் குடும்பங்கள் அருப்புக்கோட்டைத் தறிக்காரத் தெருக்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகின்றன. அவர்களுக்கு இலக்கணம் போதித்தவர் எவருமில்லை, வீதியே உபாத்தியாயர். வீதி செய்த காரியம் இரண்டு: இடைவிடாமல் காதில் ஒலித்தது, குழந்தை ஏதேனும் சொன்னால் மறுமொழி சொன்னது. அன்னிய பாஷைக்கு அப்படி ஒரு வீதி குமாரலிங்கபுரத்தில் கிடையாது. இல்லாத அந்த வீதியை எப்படியாவது வரவழைத்துக் கொடுப்பதுதான், கிராமபோன் காலம் தொட்டுக் கைப்பேசிக் காலம்வரை பாஷைப் போதனைக்கு வந்த யந்திரங்கள் அத்தனையும் ஏற்றுக்கொண்ட வேலை.

யந்திரம் வருவதற்கு முன் அந்த வேலையை மனிதர் செய்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்கள் தென்னாட்டுப் பாஷைகளைக் கற்பதற்காக 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. அதன் கர்த்தாக்களில் முதல்வரான எல்லிஸ் துரை, 1819-இல் இந்தப் பகுதியை அடுத்த இராமநாதபுரத்திலேயே காலமானார். கோட்டைக் கல்லூரியில் துரைமார்களுக்குப் பாடம் சொன்னவர்கள் முன்ஷிகள் என்னும் சுதேசிப் பண்டிதர்கள். மாணாக்கன் சொன்னதைக் கேட்டு, முகஞ்சுளித்துத் திருத்தி, மறுபடி சொல்லச் செய்யும் முன்ஷி ஒருவரே ஒரு வீதிக்குச் சமானம். ஆனால் ஆளுக்கொரு முன்ஷி வைத்துக்கொள்வது கம்பெனி துரைக்குக் கட்டுப்படியாகும். சம்சாரி வீட்டுப் பிள்ளைக்கு ஆகுமா?

1901-இல் லண்டனில் தொடங்கிய லிங்குவாபோன் ஸ்தாபனம் பாடங்களை ஒலிப்பதிவாக்கி விற்றதிலிருந்து, ஆசிரியரின் குரல் ஆசிரியரை விட்டுப் பிரிந்து பிரயாணம் செய்யத் தொடங்கியது. பி.பி.சி. 1943-இல் வானொலி வழியே ஆங்கிலம் போதிக்க ஆரம்பித்தது. பிறகு ஒலிநாடாவும், காதுப்பொறி மாட்டிய மாணாக்கர் வரிசையாக அமர்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் மொழி ஆய்வுக்கூடங்களும் வந்தன. நம் கல்லூரிகளில் அத்தகைய கூடங்கள் இன்றும் உண்டு. அவற்றில் சில, பரிசோதகர் வருகிற தினத்தைத் தவிர மற்றத் தினங்களில் பூட்டியே கிடப்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. இவை யாவும் வீதியின் முதற்காரியத்தைச் செய்தன, காதில் ஒலித்தன. மறுமொழி சொல்ல அவற்றுக்குத் தெரியாது.

கைப்பேசி இவற்றினும் ஒரு படி முன்னேறியது. நாம் பேசியதைக் கேட்டு எழுத்தாக்கிக் காட்டும் வித்தை அதற்குத் தெரியும். நாம் சொன்ன சொல்லை அது வேறொரு சொல்லாக எழுதினால், உச்சாரணம் பிசகியிருக்கிறதென்று நாமே உணரலாம். ஐதராபாத்தில் சுகதா மித்ரா என்னும் கல்வி ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் சிறுவர்களிடம் இத்தகைய மென்பொருளைக் கொடுத்து, ஆசிரியர் தலையீடு அதிகமின்றியே அவர்களுடைய ஆங்கில உச்சாரணம் திருந்தியதாக 2003-இல் எழுதினார்கள். நாணம் மிகுந்த மாணாக்கனுக்கு இதைவிட அனுகூலமான சாதனம் இல்லை. நூறு தடவை பிழைபட்டாலும் யந்திரம் சிரிப்பதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரன் சிரிப்பான்.

ஞாபகத்திற்கும் அது நல்ல துணை. புதிதாகக் கற்றது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை எப்பிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானியர் தம்மையே பரீட்சைப் பொருளாக வைத்து அளந்து 1885-இல் வெளியிட்டார். மறக்கப்போகும் தறுவாயில் ஒரு முறை நினைவூட்டி, அடுத்த நினைவூட்டலை இன்னும் சற்றுத் தள்ளிவைத்து, அதற்கடுத்ததை மேலும் தள்ளிவைத்துக்கொண்டே போனால் சொல் மனத்தில் ஊன்றிவிடும். மாணாக்கன் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ள எந்த உபாத்தியாயராலும் ஆகாது. கைப்பேசிக்கு அது அற்பக் காரியம். இதை விட்டுவிட்டு, நாள் தவறாமல் செயலியைத் திறந்ததற்காகப் புள்ளி போட்டு மெச்சும் விளையாட்டைப் பாஷை அப்பியாசமென்று எண்ணி மயங்குவோர்தான் மிகுதி.

இங்கே நம்மவர்க்கு மட்டும் உரிய ஒரு சங்கடம் உண்டு. பெயர்பெற்ற செயலிகளும் இணையப் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ்வழியில் படித்த பெண் ஜெர்மனைக் கற்கப் புகுந்தால், ஆங்கில விளக்கத்தை முதலில் விளங்கிக்கொண்டு, அதன் வழியாகவே ஜெர்மனை எட்ட வேண்டியிருக்கிறது. அதுமட்டுமன்று, ஆங்கிலேயனுக்கு எது கடினமோ அதையே பாடம் நீட்டி விளக்கும். ஜப்பானிய பாஷையில் வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதும், பெயரின் பின்னே சிற்றுருபுகள் ஒட்டுவதும், உயிரின் குறில் நெடிலாலும் மெய் இரட்டிப்பதாலும் பொருள் மாறுவதும் ஆங்கிலேயனுக்கு அதிசயங்கள். நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. ககரத்தின் வல்லொலியையும் மெல்லிய ஒலியையும் ஒரே எழுத்தால் எழுதிப் பழகிய தமிழ்ப்பிள்ளைக்கோ, அவ்விரண்டும் சொல்லுக்குச் சொல் பொருளை மாற்றும் பாஷைகளில்தான் காது தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்கென்று ஆங்கிலேயனுக்காக எழுதிய பாடத்தில் அப்பியாசம் எப்படி இருக்கும்? தமிழ்ச் செவியை அறிந்தவர் செய்த பாடம் இதன் பாதிக் காலத்தில் பயன் தருமென்பது என் அபிப்பிராயம்.

மறுமொழி சொல்லும் காரியத்திற்கு மறுபடியும் வருவோம். அதே சுகதா மித்ரா, ஆழிப்பேரலையால் அடிபட்ட காளிக்குப்பம் என்னும் தமிழ் வழங்கும் கடற்கரைச் சிற்றூரில் நடத்திய பரீட்சை இவ்விஷயத்தில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. உயிரித் தொழில்நுட்பம் பற்றிய ஆங்கிலப் பாடங்களை ஒரு கணிப்பொறியில் நிரப்பி, ஆங்கிலம் அதிகம் அறியாத பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஆசிரியரில்லாமல் விட்டுவிட்டார். தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாதிருந்தவர்கள் சிறிது காலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு மதிப்பெண் பெற்றார்கள். யந்திரம் தனியே கொண்டுபோய்ச் சேர்த்த எல்லை அது. பின்னர் அவர்களுக்குப் பழக்கமான ஒருவரைத் துணை நிறுத்தினார். அவருக்கும் பாட விஷயம் தெரியாது. பிள்ளைகளின் பின்னால் நின்று, ‘அடேயப்பா, இது என்ன? இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் வியந்து கேட்பதைப்போலக் கேட்பதொன்றே அவருக்கு இட்ட வேலை. மதிப்பெண் ஏறத்தாழ 50 விழுக்காடாக உயர்ந்து, தில்லியிலுள்ள தனியார் பள்ளி மாணாக்கரின் நிலைக்கு வந்தது. 2010-இல் கட்டுரையாக வெளியான இதைச் சிறு பரீட்சையென்று சந்தேகிப்போர் உண்டு. மித்ராவின் மற்ற முடிவுகளை நானும் அப்படியே ஏற்பவனல்லன். ஆயினும் தெரிந்தவர் ஒருவர் நின்று கேட்டார் என்பதற்காகவே பிள்ளை இன்னும் கொஞ்சம் முயல்கிறான் என்ற அளவில், அதை மறுக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள் மறுமொழியும் சொல்லத் தொடங்கிவிட்டனவே என்று கேட்கலாம். சொல்கின்றன, அப்பியாசத்துக்கு நன்றாகவே உதவுகின்றன. ஆனால் அவை நம் பிழையைப் பொறுத்துக்கொண்டு கருத்தை ஊகித்துப் பேச்சைத் தொடர்ந்துவிடும். இரவு வேளையில் நோயாளி ஒருவர் தம் தாய்பாஷையில் அவசரமாய்க் குழறிச் சொல்வதை விளங்கிக்கொள்ளும் பயிற்சியை, அந்தச் சௌகரியமான சம்பாஷணை தராது. ஜப்பானிய பாஷைத் தேர்ச்சிப் பரீட்சையில் பேச்சுப் பகுதியே கிடையாது. ஆகையால் யந்திரத்தோடு மட்டும் பழகி அதில் தேறிவிட்டு, ஜப்பானியர் எதிரில் வாய் திறவாது நிற்கவும் கூடும். ஜெர்மன் பரீட்சையிலோ பரீட்சகரின் முன் அமர்ந்து பேசியே ஆக வேண்டும்.

உலகெங்குமுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையம் வழியே தமிழ் கற்பிக்க 2001-இலேயே தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த அரசுக்கு, அதே முயற்சியை மறுதிசையில் திருப்பி, ஜெர்மனையும் ஜப்பானியத்தையும் தமிழ்வழியே கற்பிக்கும் பாடங்களைச் செய்து இலவசமாக அளிப்பது இயலாத காரியமன்று. குமாரலிங்கபுரத்தில் தொழிற்சாலைக் கட்டிடங்களுக்கு நிதி ஒதுக்கும்போதே, சுற்றுவட்டார நூலகங்களில் மாலை வேளையில் அத்தகைய பாடங்களைத் திறந்துவைத்து, பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து கேட்பதற்கு ஊருக்கு ஒருவரைச் சம்பளம் கொடுத்து நியமிக்க வேண்டும். அயல்நாட்டில் சில காலம் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், அந்த வேலைக்கு அவர்களையே முதலில் கேளுங்கள்.