துயிலும் என்பும் வெயிலும்

தேர்வு நெருங்குங்கால் இரவெல்லாம் விழித்துப் படித்துப் பகலிற் கதவடைத்துத் துயிலும் நாம், நம் என்புக்கு அதனால் நேரும் குறையை எண்ணுகின்றோமில்லை. உணவிலுள்ள சுண்ணச்சத்தைக் குடல் செவ்வனே ஏற்றற்கு வைட்டமின் டி இன்றியமையாதது. 1919-ல் மெல்லன்பி என்னும் ஆங்கில மருத்துவர், நாய்க்குட்டிகளுக்கு என்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயை உணவினாலேயே வருவித்துக் காட்மீனெண்ணெயால் அதனைத் தடுத்துக் காட்டினார். எனினும் அச்சத்தை நமக்கு மிகுதியும் அளிப்பது தோலின்மீது நேரே படும் வெயிலே. நூல்நிலையச் சாளரத்தருகே அமர்ந்து வெயில் காய்கின்றோமென மகிழும் நண்பர் அறிக: வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்!

இச்சத்துக் குறைந்தோரிடம் துயிற்கேடு மிகுந்து காணப்படுவதாக ஆய்வாளர் கூறுவர். குறைவு துயிலைக் கெடுத்ததோ, துயில் கெட்டோர் வெயிலிற் செல்லாமையாற் குறைவு நேர்ந்ததோ? இரண்டும் கூடுமென்றே கருதுகின்றோம். என்பு மென்மையுற்றார்க்கு உண்டாகும் நோவே அவரை உறங்கவொட்டாது. ஆயினும், வைட்டமின் மாத்திரை உண்டாற் துயில் வந்துவிடுமென்பதற்கு இன்னும் சான்று போதாது.