பழைய கண்ணாடி அலுமாரி வாங்கப் போகிறீர்களா? பின்பக்கத்தைப் பாருங்கள்

புதிதாக வீடு கட்டி முடித்தவர்களும் மகளுக்குக் குடித்தனம் அமைத்துக் கொடுப்பவர்களும் இப்போது ஒரு பொருளைத் தேடி அலைகிறார்கள். முன் மண்டபத்தில் வைப்பதற்கு ஒரு பழைய கண்ணாடி அலுமாரி. மரத்தூளை அழுத்திச் செய்த 'போர்ட்' அலுமாரிகள் சில வருடங்களிலேயே ஈரம் குடித்து ஊதிப்போவதைக் கண்டு சலித்ததும் இதற்கு ஒரு காரணம். நான் புறக்கோட்டையில் முப்பது வருடமாக இரும்புச் சாமான் வியாபாரம் செய்பவன். ஆணி, பிணைச்சல், பூட்டு வாங்க வரும் ஓடாவிமாரோடும், பழைய தளபாடங்களைத் திருத்தி விற்பவர்களோடும் பழகியதில் இந்த வியாபாரத்தின் உள்பக்கம் ஓரளவு தெரியும். ஆகவே இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

அலுமாரி, மேசை, கதிரை என்ற சொற்களை எமக்குத் தந்துவிட்டுப் போனவர்கள் போர்த்துக்கேயர். லாச்சி என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்டது 1658 முதல் 1796 வரை. காலி வீதியில் பழைய சாமான் கடைகளில் நுழைந்தால், கொஞ்சம் கறுத்த மரத்தில் செய்த எல்லாமே 'டச்சு அலுமாரி'தான். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் காலத்தில், அதிலும் அதன் பிற்பகுதியில், உள்ளூர் ஓடாவிமார் செய்தவை. அது ஒரு குறையல்ல. நூறு வருடத்து நல்ல பலா அலுமாரி நல்ல பொருள்தான். ஆனால் நூறு வருடத்துப் பொருளுக்கு இருநூற்றைம்பது வருடத்து விலை கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? உண்மையான ஒல்லாந்தர் காலத் தளபாடம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள விரும்புபவர்கள், புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் 1982இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தர் கால நூதனசாலையை, திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

கடைக்குப் போனதும் நாம் எல்லோரும் செய்வது, கண்ணாடிக் கதவின் முன்னால் நின்று கொத்துவேலையைப் பார்த்து மயங்குவதுதான். விற்பவருக்கும் அதுதான் வேண்டும். முகத்தைத் திருத்துவதற்கு ஒரு வாரமும் நல்ல பொலிஷும் போதும். பின்பக்கத்துக்கும் லாச்சியின் அடிப்பக்கத்துக்கும் யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. எனவே அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். கையோடு ஒரு டோர்ச் கொண்டு போங்கள். பின்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தால், குறைந்தது அந்தப் பகுதியாவது பிற்காலத்தது. பலகையில் அரைவட்டமாக வாளின் கீறல்கள் தெரிந்தால் அது இயந்திர வட்டவாளில் அறுத்தது. கையால் அறுத்த பலகையில் கீறல்கள் நேராகவும் ஒழுங்கீனமாகவும் இருக்கும்.

அடுத்து என் சொந்தத் தொழிலான ஆணிக்கு வருகிறேன். உருண்டையான கம்பி ஆணி உலகில் பரவியதே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முந்திய ஆணிகள் நாற்சதுரமாக இருக்கும். கூர்முனைத் திருகாணியும் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பரவியதுதான். பழையவற்றின் முனை மொட்டையாகவும், தலையிலுள்ள வெட்டு நடுவிலிருந்து சற்று விலகியும் இருக்கும். தலையில் சிலுவை வெட்டுள்ள, நாம் 'பிளஸ்' என்று சொல்லும் திருகாணி 1930களில் அமெரிக்காவில் வந்த சாமான். ஒரு ஆணியைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. நூறு வருடத்தில் எத்தனையோ பேர் திருத்தியிருப்பார்கள், பிணைச்சலை மாற்றியிருப்பார்கள். மாற்றியிருந்தால் பழைய ஆணித் துளைகள் பக்கத்திலேயே கறுத்துப்போய்க் கிடக்கும். புதிய பிணைச்சல் இருந்து, பழைய துளை எங்குமே இல்லாவிட்டால் கதவே புதியது.

தெஹிவளையில் இருக்கும் நண்பரொருவரின் மருமகன் 2019இல் இப்படி ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, முற்பணம் கொடுப்பதற்கு முன் என்னைக் கூட்டிச் சென்றார். மேலே கண்ணாடிக் கூடு, கீழே மூன்று லாச்சி. விலை 2 இலட்சத்து 85 ஆயிரம். 'டச்சு' என்று அட்டை வேறு. மேல்பாகத்தின் பின்பலகை குறுக்கே போகிறது, கீழ்ப்பாகத்தில் நெடுக்கே போகிறது. கீழ்ப்பெட்டியின் மேல்தட்டில் வெயில் படாத ஒரு வெளிறிய சதுரம், இப்போது மேலே நிற்கும் கூட்டைவிட நாலு அங்குலம் அகலம். இரண்டு வெவ்வேறு அலுமாரிகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது அதிலேயே விளங்கியது. கூட்டின் உள்ளே எல்லாம் பிளஸ் தலைத் திருகாணி. கடைக்காரரிடம் சத்தம் போடாமல் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கோபிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "ஹாஜியார், கீழ்ப்பெட்டி நல்ல பழைய பலா, அது பொய்யில்லை" என்றார். அது உண்மைதான். 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு முடித்தோம். அந்தப் பிள்ளை இன்றும் அதைத்தான் பாவிக்கிறது. அந்த விலைக்கு அது நல்ல சரக்கு. முதலில் கேட்ட விலைக்கு அது மோசடி.

மரத்தைப் பற்றி. பலா வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும். காலம் போகப் போகச் செம்பழுப்பாக மாறும். காற்றும் வெளிச்சமும் படாத லாச்சியின் உட்பக்கம் வெளிப்புறத்தைவிட வெளிறியிருப்பதுதான் இயற்கை. உள்ளும் புறமும் ஒரே கறுப்பாக இருந்தால் சாயம் பூசியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதிரை பொன்னிறமாக மின்னும். நெதுன் கனமும் உறுதியும் உள்ளது. கருங்காலி விலை எல்லோருக்கும் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் மேலே சிங்களத்தில் களுமெதிரிய என்றும் ஆங்கிலத்தில் கலமாண்டர் என்றும் சொல்லும் மரம். பழுப்பில் கறுப்புக் கோடுகள் ஓடும். காட்டில் பெரிய மரங்களே அரிதாகிவிட்டதால், அந்தப் பெயரைச் சொன்னவுடன் விலை ஏறிவிடும். சாதாரண மரத்தில் கோடு வரைந்து விற்பதும் உண்டு. முகத்தில் ஓடும் கோடு பலகையின் ஓரத்திலும் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடராவிட்டால் அது வரைந்த கோடாக இருக்கலாம், அல்லது மெல்லிய தகடாக ஒட்டியதாக இருக்கலாம். எதுவென்று விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

கண்ணாடியில் ஒரு சிறு சோதனை. பக்கவாட்டில் நின்று தலையை மெல்ல அசைத்து, அதில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பழைய கண்ணாடியில் பிம்பம் நெளியும், சிறு குமிழிகளும் இருக்கும். இன்று நாம் காணும் துல்லியமான தட்டைக் கண்ணாடியின் தயாரிப்பு முறை இங்கிலாந்தில் 1959இல்தான் அறிவிக்கப்பட்டது. உடைந்து மாற்றியிருந்தால் பரவாயில்லை. ஆனால் "எல்லாம் பழைய கண்ணாடி" என்று சொல்லி விலை கூட்டுபவரிடம் இந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பூச்சி. சிறு துளைகள் இருப்பது பழைய மரத்தில் வழமை. துளைக்குக் கீழே வெளிர் நிறத்தில் புதிய தூள் கொட்டுகிறதென்றால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அடியில் வெள்ளைத் தாளொன்றை விரித்து இரண்டு நாள் விட்டுப் பார்க்கச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். நிலத்தைக் கழுவிக் கழுவிக் கால்கள் உழுத்திருக்கும், வெட்டி ஒட்டியிருப்பார்கள். கத்தி முனையால் மெதுவாக ஊன்றினால் தெரியும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு மொறட்டுவை இருக்கிறது. உடைத்த பழைய வீடுகளின் மரத்தை எடுத்து, பழைய அமைப்பிலேயே கைவேலையாகச் செய்து தரும் ஓடாவிமார் இன்னும் இருக்கிறார்கள். புதியது என்று சொல்லி விற்கும் அந்த அலுமாரியை, பழையது என்று சொல்லி விற்கும் அரைகுறைப் பொருளைவிட நான் மேலாக மதிக்கிறேன். இரண்டும் ஒரே பட்டறையில் இருந்து வருவதும் உண்டு என்பது வேறு கதை.

வாங்குவதைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறேன். விற்பதில்தான் எமது குடும்பங்கள் அதிகம் இழந்திருக்கின்றன. ஒரு காலத்தில் கிராமங்களுக்கு லொறியில் வந்து, பழைய அலுமாரியை ஏற்றிக்கொண்டு 'போர்மைக்கா' அலுமாரியும் நாலு பிளாஸ்டிக் கதிரையும் இறக்கிவிட்டுப் போவார்கள். பன்னீர்ச் செம்பும் படிக்கமும் சீதனப் பீங்கானும் அடுக்கியிருந்த அலுமாரி அப்படிப் போனது, லாபம் என்று நினைத்துத்தான். 2022இன் நெருக்கடியில் வேறு வழியின்றி விற்றார்கள். அந்த வருடம் காலிப் பக்கத்தில் ஒரு விதவைத் தாயின் வீட்டில் பழைய கண்ணாடி அலுமாரியொன்றுக்கு 15 ஆயிரம் பேசி முடித்திருந்தார்கள். மருந்துக்குக் காசு தேவை. சொந்தக்காரர் ஒருவர் மூலம் விஷயம் என் காதுக்கு வந்ததும், தெரிந்த ஓடாவியை அனுப்பினேன். நெதுன் மரம், ஒரு காலைத் தவிர எதுவும் மாற்றவில்லை. கொழும்பில் இருந்து ஒருவர் 1 இலட்சத்து 75 ஆயிரம் கொடுத்து எடுத்தார். அந்த உம்மா முதலில் நம்பவேயில்லை, காசை இரண்டு தரம் எண்ணச் சொன்னாராம். வீட்டைப் பங்கு பிரிக்கும்போதும் இதே கதைதான். காணிக்கு மதிப்பீட்டாளரைக் கூப்பிடுகிறோம், அலுமாரியை "பழைய சாமான்" என்று ஒரு மூலையில் ஒதுக்கிவிடுகிறோம். அதிலும் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. குறைந்தது இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துக்கள் சட்டமும் இருக்கிறது. பழம்பொருளைக் கப்பலேற்றும் முன் தொல்பொருளியல் திணைக்களத்தில் விசாரித்து, அனுமதி தேவையானால் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் பொருளும் போகும், நிம்மதியும் போகும்.

கடைசியாக இரண்டு வேலை. வீட்டுக் கதவு, படிக்கட்டின் திருப்பம், மாடி வீடென்றால் லிஃப்ட் ஆகியவற்றின் அளவைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். மேற்கூரைப் பட்டியும் கால்பகுதியும் கழற்றக் கூடியதா என்று கேளுங்கள். காசு கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் 'அலுமாரி 1' என்று மட்டும் எழுத விடாதீர்கள். என்ன மரம், ஏறத்தாழ எந்தக் காலம், எந்தெந்தப் பகுதி மாற்றியது என்று மூன்று வரி எழுதிக் கையொப்பம் கேளுங்கள். சொன்னதை எழுதத் தயங்கினால், விலையை மறுபடி முதலில் இருந்து பேசலாம்.