வேட்பாளரைத் தேர்பவர் யார்?

பிரிட்டனில் பொதுத் தேர்தலுக்கு முன்னரே கட்சிக்குள் மற்றொரு தேர்தல் நடைபெறுகிறது. தொழிற் கட்சியில் வேட்பாளரைத் தொகுதிக் கிளை தேர்ந்தெடுப்பதும், தேசிய நிர்வாகக் குழு ஒப்புவதும் மரபு. ஒரே கட்சி எளிதில் வெல்லும் தொகுதிகளில் இத்தேர்வே உறுப்பினரை முடிவு செய்துவிடும். ஆகவே, இதன்பொருட்டு அக்கட்சியின் இடதுசாரிகளும் வலதுசாரிகளும் கடுமையாகப் போராடினர்.

பதவியிலுள்ள உறுப்பினரும் மறுதேர்வுக்கு உட்பட வேண்டுமென 1980-இல் மாநாடு விதித்தது. 1981-இல் ராய் ஜென்கின்ஸ் முதலிய நால்வர் பிரிந்து சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினர். 1993-இல் ஜான் ஸ்மித் தலைமையில், வேட்பாளர் தேர்வில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்ற முறை ஏற்கப்பட்டது.

மாணவ நண்பர்களே, உறுப்பினர் யாருக்குக் கடமைப்பட்டவர்? நிறுத்திய சிலருக்கா, வாக்களித்த பலருக்கா? இருசாராருக்கும் என்பேன். ஆயினும், முரண்பாடு நேரின் மக்கள் பக்கம் நிற்றலே தகும். அவர் தொகுதி முழுவதற்கும் உறுப்பினர் அல்லவா?